மருந்து நிறுக்கும் வேளை

ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்றில் குணபாலன் வெடிமருந்து நிறுக்கிறார். சனிக்கிழமை கழகத்தில் கைத்துப்பாக்கிப் போட்டி. தோட்டாக்களைத் தானே நிரப்புகிறார். மருந்து குறைவாக இருந்தால் கை அதிராது, குறி தப்பாது. கூடினால் சத்தம் பெரிது, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த அளவைத் தெரிவு செய்வது என்று, ஒரு நாட்டின் தலைவிதியே தன் சின்னக் கரண்டியில் இருப்பதுபோல் நெற்றியைச் சுருக்குகிறார். மேசை விளக்கின் கீழே சாம்பல் நிறத் துகள்கள் மினுங்குகின்றன. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாக மேலே தொலைக்காட்சி திரும்பத் திரும்பச் சொல்கிறது. மனைவி சுகிர்தா படியிறங்கி வருகிறாள். வன்னியில் அகப்பட்ட தன் தம்பியின் குரலுக்காகப் பல நாளாகத் தூங்காதவள். "மெல்ல வாரும், தராசு ஆடும்." அவள் பார்வை சுவரோரம் போகிறது. மேலே உள்ளதோடு ஒரே இணைப்பிலுள்ள தொலைபேசியின் ரிசீவர் கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. "எப்பவிருந்து உது உப்பிடிக் கிடக்குது?" "காலமை தொட்டு. மணி அடிச்சா நிறை பிழைச்சிடும். உமக்கு இதின்ர பாரதூரம் விளங்காது." "நான் மேல அந்தப் போனுக்கு முன்னால தவம் கிடக்கிறன், மனுசா!" சுகிர்தா ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் அறைந்து வைக்கிறாள். இருவரும் தொலைபேசியையே பார்க்கிறார்கள். அது அடிக்கவில்லை. "பாத்தீரே, ஒருத்தரும் கோல் எடுக்கேல்லை. சும்மா வந்து குழப்பிறீர்." குணபாலன் தராசுப் பக்கம் திரும்பி, கரண்டி நிறைய அள்ளுகிறார். "பலமானதையே போடுவம். எங்கட ஆக்கள் ஆரெண்டு உந்த வெள்ளையளுக்குத் தெரியவேணும்." சுகிர்தா ரிசீவரின் மேலிருந்து கையை எடுக்காமல் நிற்கிறாள்.