பெட்டியின் கனம்

வடக்கே அந்தச் சுரங்க ஊரில் தாது எங்கே போகிறதோ அங்கேதான் கம்பெனியும் போகும். பள்ளிக்கூடத்தை இடித்தார்கள், மாதா கோவிலை இடித்தார்கள், இப்போது கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள். அவரவர் எலும்பை அவரவர் அள்ளிக்கொள்ள வேண்டுமாம். பிலோமினா புது வேட்டி ஒன்றோடு போனாள். பாறை சரிந்து செத்த புருஷன் சின்னப்பனைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆணியடித்த பெட்டியில்தான் கொடுத்தார்கள். "மொகம் பாக்குற மாதிரி இல்லம்மா" என்றார்கள். ஆறு பேர் தூக்கிய கனம்.

பெட்டியைத் திறந்தபோது எலும்பு இல்லை. உள்ளே நிறையக் கல்.

சூப்பர்வைசர் ஒரு கல்லை எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். "நல்ல சரக்கும்மா. கம்பெனி சொத்து, விட்டுட்டுப் போங்க." எல்லாக் கல்லும் தள்ளுவண்டியில் ஏறியது.

"அப்ப அவரு எங்க?"

சூப்பர்வைசர் அடுத்த குழிக்குப் போய்விட்டார். பிலோமினா வண்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புது வேட்டியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள்.

வேலி வாசலில் காவலாளி மறித்தான். சின்னப்பனின் தூக்குவாளியைத் தினமும் திறந்து சோதித்த அதே ஆள்.

"மடியில என்னம்மா?"

"எம் புருஷன்" என்றாள்.

அவன் நீட்டிய கையை மடக்கவில்லை.