திருவுக்குப் பிறகு ஒரு புள்ளி

பேனா மூடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

இன்னும் ஒரே ஒரு கவர்தான்.

காலையிலிருந்து கூடத்து மேசையில் தர்பார் நடக்கிறது. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மேல்விலாசம் எழுதுவதென்றால் சும்மாவா? அவர் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையிலேயே அது அச்சாகியிருக்கிறது, மணப்பெண்ணின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அவரிடம் ஒரு கிரமம் உண்டு.

பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி உள்ளவர்களுக்கு உயர்திரு. மற்றவர்களுக்கு வெறும் திரு. அரிமா சங்கத்துக்காரருக்கு முன்னால் ‘லயன்’ போடாவிட்டால் மனிதர் பந்தியில் உட்கார மாட்டார். ஹோமியோபதிக்காரருக்கு டாக்டர் போடுவதா வேண்டாமா என்ற யோசனையில் ஒரு காபி ஆறிப்போனது. போட்டார். கொஞ்சம் சின்னதாக.

கணவர் இருந்தால் அவர் பெயரில்தான் கவர். அவர் போய்ச் சேர்ந்திருந்தால் மட்டும் பெண்ணின் பெயரில், திருமதி என்று.

“மேல்விலாசத்தப் பாத்தாலே வீட்டு நிலவரம் தெரிஞ்சிரணும் இந்திராணி,” என்றார்.

எதிரே அவர் மனைவி, மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு. அவர் எழுதி நகர்த்தும் ஒவ்வொரு கவரின் நான்கு மூலையிலும் விரலால் மஞ்சள் வைப்பது அவள் பங்கு. “தெரிஞ்சிரும், தெரிஞ்சிரும்,” என்றாள்.

கடைசிக் கவர் அவருடைய தங்கைக்கு.

பூங்காவனம் தன் இஷ்டத்துக்கு அருளப்பனைக் கட்டிக்கொண்டு பெரியகுளம் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. அவர்களுடைய பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

அருளப்பன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். அந்தப் பெயரை இவர் வாயால் சொன்னதில்லை. சொல்லியே தீர வேண்டுமென்றால், ‘அந்த ஆளு’.

மகள் நீட்டி முழக்கவில்லை.

“அத்தை வரலைன்னா எனக்கு இந்த மேளதாளம் எதுவும் வேண்டாம்ப்பா. கவர்ல நீங்கதான் எழுதணும்.”

எழுதினார். ஒரே மூச்சில்.

திருமதி பூங்காவனம்.

அந்த ஆளின் பெயரைத் தொடாமல் தாண்டியாயிற்று. கவரை நகர்த்தினார்.

இந்திராணியின் மஞ்சள் விரல் அந்தரத்தில் நின்றது.

“ஐயையோ! நேத்துகூட மனுசன் கடையில உக்காந்து வடை தின்னாராமே. அதுக்குள்ள எப்பங்க?”

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவருடைய கிரமப்படி, அந்தக் கவர் அருளப்பனை அடக்கம் செய்துவிட்டிருந்தது.

கிழித்தார்.

புதுக் கவர் எடுத்தார்.

திரு.

புள்ளி வைத்தார். பேனா அங்கேயே நின்றது.

இனிஷியல்?

இனிஷியல் இல்லாமல் மனு வந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பியவர். தாலுகாவில் பாதிப் பேருடைய தகப்பனார் பெயர் அவருக்கு அத்துப்படி. தங்கையின் புருஷனுக்கு முதலெழுத்து தெரியவில்லை.

“அவருக்கு… இனிஷியல் என்ன?”

‘அவருக்கு’ என்று வந்ததை அவர் கவனிக்கவில்லை. இந்திராணி கவனித்தாள்.

பூங்காவனத்தின் பிள்ளைக்கு, இவருக்குத் தெரியாமல் போய் வெள்ளி அரைஞாண் போட்டுவிட்டு வந்தவள் அவள். அந்த வீட்டு நாயின் பெயர்கூட அவளுக்குத் தெரியும்.

“எனக்கென்னங்க தெரியும்?” என்றாள்.

செல்போனை எடுத்து, மஞ்சள் படாத விரலால் ஸ்பீக்கரைத் தட்டி, அவர் பக்கம் தள்ளினாள். மணி போய்க்கொண்டிருந்தது.

“சொல்லுங்க மதினி! மஞ்ச வச்சாச்சா?”

அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது.

அவர் தொண்டையைச் செருமினார்.

அந்தப் பக்கம் சத்தம் அடங்கிப்போனது. சின்ன வயதில் அந்தச் செருமலைக் கேட்டாலே தாயக்கட்டையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டவள்.

“இனிஷியல்,” என்றார், ஆபீஸ் குரலில். அது பாதியில் கைவிட்டது. “உன் வீட்டுக்காரர் இனிஷியல்… கவர்ல போடணும். தப்பாயிரக் கூடாதுல்ல.”

அவள் சிரிக்கிறாளா என்னவென்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“இருங்கண்ணே. அவர்ட்டயே குடுக்குறேன்.”

“வேண்டாம், நீயே சொல்லி…”

போன் கை மாறிவிட்டது.

“மச்சான்,” என்றது ஓர் ஆண்குரல், பயந்து பயந்து. “நல்லாருக்கீங்களா?”

கலெக்டர் வந்தால் மட்டும் எழுந்து நின்றவர், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பேனா உருண்டு தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை.

“மாப்ள,” என்றார்.

பிறகு, “ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பீங்களா?”

இனிஷியலைக் கேட்கவே இல்லை.

இந்திராணி அந்தக் கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு திருவும் ஒரு புள்ளியும் மட்டும் இருந்தன. மற்றவற்றுக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் தாராளமாக, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தாள்.