ஜன்னலோர இருக்கை

மலை ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடத்துக்கு மேலே, ஒரு மரத்தில் குரங்குத் தம்பதி குடியிருந்தது. தினமும் ரயிலில் வரும் கூட்டம் வாய்பிளந்து நிற்பதைக் கண்டு, அப்படி என்னதான் அதிசயம் என்று ஆண் குரங்குக்கு மண்டை குடைந்தது.

"நானும் போய்ப் பார்த்துட்டு வரேன். இந்த மரத்தில் எறும்பைத் தவிர என்ன இருக்கு?"

பயணிகள் ஜன்னலோரத்தில் கைக்குட்டை போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கியிருந்தார்கள். குரங்கு ஒரு கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எழுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மாலை வண்டியில் திரும்பி வந்தது.

"எப்படி இருந்தது?" என்று கேட்டது பெண் குரங்கு.

"எல்லாம் சுமார்தான். ஆனா முதல் வளைவு திரும்பினதும் ஒரு மரம் தெரிஞ்சது பாரு. பக்கத்திலேயே அருவி, உச்சியெல்லாம் வெயில். நாம அங்கே குடிபோயிடலாம்."

"அங்கே யாரும் இல்லையா?"

"ஒருத்தி இருந்தா. மேல்கிளையில் நின்னு கையை ஆட்டிக்கிட்டே இருந்தா. கொடுத்துவெச்சவ."

பெண் குரங்கு தன் காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டது.

"தலையை வெளியே நீட்டாதீங்கன்னுதான் ஆட்டினேன்" என்றது.