மூன்றாவது பள்ளம்

இந்தப் பெட்டிக்கு என்னைத் தெரியாது, அதனால்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் நளாயினி. அவள் சேர்க்கத் தொடங்கியிருந்த பழைய வீடியோ கேம்களில் அதுதான் முதல் பெட்டி. காலையில் அது வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கேசட்டை ஊதிச் செருகினாள். திரையில் ஓடிய குட்டி மனிதன் மூன்றாவது பள்ளத்தில் விழுந்தான். முப்பது முறை ஆடியும் அங்கேயே விழுந்தான்.

வீட்டிலிருந்த மற்ற விளையாட்டுகள் எல்லாம் அவளுடைய நாடித்துடிப்பைப் பார்த்து ஆடுபவை. அவள் முகம் வாடுவதற்குள் எதிராளி தடுமாறிவிடுவான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் எதிலும் தோற்றதில்லை. எதிலாவது உண்மையாகவே ஜெயித்தாளா என்பதும் அவளுக்குத் தெரியாது.

"முப்பது தடவையா? பாவம்டி உன் ஆளு, இடுப்பே ஒடிஞ்சிருக்கும்" என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தபடி வந்தான் கணவன் சேந்தன். அவன் விரல் நுனியில் பொட்டு அளவில் ஒரு சில்லு இருந்தது. "இதை ஒட்டிட்டா பெட்டி உன்னப் புரிஞ்சுக்கும். நாலு ஆட்டத்துல பள்ளம் சின்னதாயிடும். குடு, ஒட்டித் தரேன்."

அன்பாகத்தான் கேட்டான். கேரமில் கடைசிக் காயை அவன் தவறவிடுவதும் இதே அன்பினால்தானோ என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

நளாயினி பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க. பள்ளம் அப்படியே இருக்கட்டும்."