தாழ்ப்பாள் போடாத வீடு

க்ரீ...ச்.

சிரின் கண்ணைத் திறந்தாள். வாசல் கதவு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இடுக்கு வழியாக ஒரு தலை உள்ளே நீண்டது. டார்ச் வெளிச்சம் சுவரில் ஓடி, குழந்தை கைமுக் தூங்கும் தூளியில் போய் நின்றது.

சிரின் மிளகாய் இடிக்கும் உலக்கையைக் கையில் எடுத்தாள்.

"பயப்படாத தங்கச்சி," என்றது தலை. "தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு பாக்க வந்தேன். போடல. ரொம்ப சந்தோஷம். தூங்கு."

கதவு மரியாதையாகச் சாத்திக்கொண்டது.

"யாரு?" போர்வைக்குள்ளிருந்து கேட்டான் அவள் கணவன் தவீ.

"யாருக்குத் தெரியும்? இன்னொரு ஆளு."

"நல்லது. விலை ஏறும்."

எல்லாம் அந்தத் தாயத்தால் வந்த வினை. கட்டைவிரல் அகல மண்வில்லை, அதில் தியானத்தில் ஒரு புத்தர். தவீயின் அப்பா விட்டுப்போனது. அது இருக்கும் வீட்டு வாசற்படியைத் திருடன் மிதிக்க மாட்டான் என்று பேர். புத்தரை விற்கிறோம் என்று நகோன்சவான் ஊரில் யாரும் சொல்வதில்லை, வாடகைக்கு விடுகிறோம் என்பார்கள். எடுத்துப் போனவன் எவனும் திருப்பித் தந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பாங்காக்கில் ஏலத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. நல்ல விலை வந்தால் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு நூடுல்ஸ் கடை.

"ஏலம் முடியுற வரைக்கும் வாயத் திறக்காதீங்க," என்று சிரின் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்குழந்தை இருக்கற வீடு. கேள்விப்பட்டா திருடன் வருவான்."

"திருடனை விரட்டுற தாயத்தைத் திருடத் திருடன் வருவானா? என்ன பேச்சு பேசற! நாலு பேர் வாயில விழாத பொருளை ஏலத்துல எவன் கேப்பான்?"

ஃபேஸ்புக் நேரலையில் உட்கார்ந்தான் தவீ. ஆட்கள் சேரச் சேர வேகம் வந்துவிட்டது.

"இது வந்த நாள்லேருந்து எங்க வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே போட்டதில்லீங்க!"

மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு, போட்டோமா என்று எழுந்துபோய் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிற ஆள் அவன்.

உடனே கீழே ஒரு பதில் விழுந்தது. எழுதியவர் அரிசி ஆலை முதலாளி கிம்ஹெங். தாயத்து விஷயத்தில் அவர் உதட்டைப் பிதுக்கினால் விலை பாதியாகிவிடும்.

'இப்பவும் திறந்தா கிடக்கு? வந்து பாப்பேன். தாழ்ப்பாள் போட்டிருந்தா அது தாயத்து இல்ல, ஓட்டுச் சில்லு.'

"எப்ப வேணா வாங்க முதலாளி!" என்றான் தவீ.

முதலாளி வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. ஒரு வாத்தியார் பெண்டாட்டியோடு வந்து ஆளுக்கொரு தரம் கதவைத் தள்ளிப் பார்த்தார். ஒரு அம்மாள் உள்ளே வந்து கும்பிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள். ஒருத்தன் செல்போனை நீட்டி, "பாருங்க மக்களே, விரலால தள்ளினாலே திறக்குது!" என்று ஊர் உலகத்துக்கே வழி சொன்னான். ஒரு ராத்திரி சிரின் திடுக்கிட்டு விழித்தால், முன்பின் தெரியாத ஒருவர் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ள சிணுங்குச்சு, அதான். நீ தூங்கும்மா."

அதன்பிறகு அவள் எங்கே தூங்குவது?

"கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ளையத் தூக்கிட்டு நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

"போனா, பயந்து ஓடிட்டாங்கன்னு முதலாளி எழுதுவாரு. இத்தனை பேர் வந்து போற வீட்டுக்குள்ள திருடன் எப்படி வருவான்? வந்தாலும் வரிசையிலதான் நிக்கணும்."

ஒரு ராத்திரி சிரினுக்குப் பொறுக்கவில்லை. பூனைபோல எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தாள். கண் அசந்தாளோ இல்லையோ, கதவு தடதடவென்று குலுங்கியது.

"போட்டிருக்காங்க! போலி! போலி!" தெருவே எழுந்துகொள்ளும்படி கத்தினார் கிம்ஹெங்.

விடிந்ததும் தவீ மறுபடி நேரலையில் உட்கார்ந்தான். "அது திருடனுக்குப் போட்டதில்லீங்க, பூனைக்குப் போட்டது. பூனைக்கு இந்தத் தாயத்து என்னிக்குமே பொறுப்பேத்துக்கல."

எடுபடவில்லை. 'ஓட்டுச் சில்லு. காசு குடுத்தாலும் தொட மாட்டேன்' என்று கிம்ஹெங் தினமும் எழுதினார். ஏலத்தில் பாதிப்பேர் கையே தூக்கவில்லை. கடைசியில் பேர் சொல்லாத யாரோ ஒருவர் தொலைபேசியிலேயே கேட்டு, அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். நூடுல்ஸ் கடை தள்ளுவண்டியாகச் சுருங்கியது.

"உன் தாழ்ப்பாளால வந்தது," என்றான் தவீ.

"உங்க வாயால வந்தது," என்றாள் சிரின்.

உரிமையாளரே கையால் கொண்டுவந்து தர வேண்டும் என்பது எடுத்தவரின் நிபந்தனை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய வீட்டின் பின்வாசல். பொழுது சாய்ந்ததும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே கிம்ஹெங்.

தவீக்கு நாக்கு குழறியது. "முதலாளி... நீங்கதானே போலின்னு..."

"மெதுவா! அது ஏலத்துக்காகச் சொன்னது." தாயத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணே கலங்கிவிட்டது. "எத்தனை வருஷத் தவம்!"

சிரின் அவரையே பார்த்தாள். "இனிமே நீங்க கதவைத் திறந்துபோட்டே தூங்கலாம் முதலாளி."

"வெளையாடறியாம்மா? எப்பேர்ப்பட்ட பொருள்!" சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது என்கிட்ட இருக்கறது வெளிய தெரிய வேணாம். இந்த ஊர்ல எவனை நம்பறது?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மேல் தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் கீழ்த் தாழ்ப்பாள்.