மூச்சு சீராக இருக்கிறது

மூன்று வயது தர்ஷிகாவுக்கு மணல்வாரி அம்மை கண்டதும் செல்வக்கனி வாசலில் வேப்பிலை செருகினாள். மகளின் கட்டிலுக்கு மேலேயும் ஒரு கொத்துக் கட்ட வேண்டும். அங்கிருந்த ஒரே ஆணியில், எல்லார் வீட்டிலும் போல, மூச்சுப்பெட்டி தொங்கியது. உறங்குகிறவரின் மூச்சைக் கேட்டு நலம் சொல்லும் பெட்டி அது. கொத்தை அதன் மேலேயே கட்டிவிட்டாள்.

தடிப்புகள் மங்கின. ஆனால் காய்ச்சல் திரும்ப வந்தது; மின்விசிறியை இரவும் பகலும் ஓடவிட்டார்கள். மூச்சை இழுக்கும்போது பிள்ளையின் நெஞ்சு உள்ளே குழிந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவமா?" என்றான் கணவன் இசக்கிராஜ்.

"தலைக்குத் தண்ணி ஊத்தாம வெளிய எடுக்கக் கூடாது. மூச்சு சீரா இருக்குன்னு பெட்டியே சொல்லுதுல்லா."

அவனும் பெட்டியை நம்பினான்.

தண்ணீர் ஊற்றும் நாளில் பிள்ளை கண் திறக்கவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"அம்மை தணிஞ்சிருச்சு. பின்னாலயே வேற கிருமி வந்து நுரையீரலைப் பிடிச்சிருக்கு," என்றார் டாக்டர். "அதுக்கு மருந்து இருந்துச்சு."

அடக்கம் முடிந்து திரும்பிய மதியம், புழுக்கம் தாங்காமல் இசக்கிராஜ் மின்விசிறியைப் போட்டான். காய்ந்த வேப்பிலை விட்டுவிட்டு, ஒரே சீராகச் சலசலத்தது.

"குழந்தை உறங்குகிறது. மூச்சு சீராக இருக்கிறது," என்றது பெட்டி.

அவன் பாய்ந்துபோய் விசிறியை நிறுத்தினான். இலைகள் அடங்கின.

சுவரோரம் படுத்திருந்த செல்வக்கனி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ஃபேனைப் போடுங்க."