உள்ளே ஒரு கை

திருவொற்றியூர் பட்டறையில் ராமசெல்வி ஓட்டிய பிரஸ் மெஷின் புத்தம் புதியது. அதில் அதுவரை யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அதன் வாயோரம் மெல்லிய பாலிமர் படலம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது உணரும். உள்ளே கை இருந்தால் அச்சு இறங்காது. எத்தனை கை என்று திரையில் எண் விழும்.

திங்கட்கிழமை காலை அவள் தகட்டை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். திரையில் ஒன்று என்று விழுந்தது. படலத்தைத் துடைத்தாள். எண் மாறவில்லை.

சூப்பர்வைசர் ஆன்றோ ஓடிவந்தான். "இன்னாமே, லாரி வந்து நிக்குது, நீ பாத்துகினு கீற?"

"உள்ள ஒரு கை கீதுன்னு காட்டுதுண்ணா. என் கை ரெண்டும் இங்கதான் கீது."

"அத்த நம்பிகினு இருந்தா பேஜாராப் பூடும்."

அவன் படலத்தின் வயரைப் பிடுங்கினான். "வாணாண்ணா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பெடலை ஓங்கி மிதித்தான்.

அச்சு இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. இருவர் முகத்திலும் ரத்தம் பீய்ச்சியடித்தது. சூடாக இருந்தது.

அவள் அலறிக்கொண்டே தன் விரல்களை எண்ணினாள். பத்தும் இருந்தன. ஆன்றோ தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அச்சைத் தூக்கினார்கள். உள்ளே தகடு மட்டுமே இருந்தது. மேடை விளிம்பிலிருந்து ரத்தம் நிற்காமல் சொட்டியது.

மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டறையிலிருந்த பதினான்கு பேரும் கைகளை முகத்துக்கு நேரே தூக்கி, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.